வாய்க்குப் போட்ட தங்கம்

மலைமேல் பனி உருகுகிறது. ஆப்ரிகாட் மரங்கள் பூத்துவிட்டன. வெயில் கிளைக்குக் கிளை தாவி இறங்கி, முற்றத்து ரொட்டியடுப்பின் விளிம்பில் வந்து உட்காருகிறது.

அடுப்புக்குப் பின்னால் ஒரு சத்தம். ட்வொய்ங். ட்வொய்ங். தேனீ ஒன்று தனக்குத்தானே வழக்காடுவதுபோல.

தேனீ இல்லை. ஒய்ஜமால். உஸ்பெகிஸ்தானின் தெற்கே, பாய்சுன் மலையடியில், போன இலையுதிர் காலத்தில் அதோலத் வீட்டுக்கு வாழ வந்த மருமகள். உதட்டிடுக்கில் அவள் வைத்திருப்பது சாங்கோவுஸ். நம்மூர் மோர்சிங்குக்குத் தூரத்து அக்கா. இரும்பு வளையம், நடுவில் ஓர் இரும்பு நாக்கு. முன்பல்லில் அணைத்துப் பிடித்து விரலால் சுண்டினால், வாய்க்குள் எந்தச் சொல்லை உருட்டுகிறோமோ அந்தச் சொல் அதிரும்.

கடவுள் கொடுத்த நாக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். அதை மாமியார் வீட்டு வாசலில், செருப்போடு கழற்றி வைத்தாயிற்று.

பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. விடிந்ததும் குனிந்து வணக்கம். பிறகு ரொட்டி. பிறகு தேநீர். பிறகு மறுபடி குனிந்து வணக்கம். பேச்சுக்கு இடம் எங்கே? புருஷன் எர்கின் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். எர்கின் என்றால் சுதந்திரம். பொருத்தமான பெயர்தான். அதோலத் என்றால் நீதி. அதைப் பற்றி நாம் வாயைத் திறக்காமலிருப்பது நல்லது.

ஆகவே அவள் இரும்பில் பேசினாள். அம்மாவைத் தேடுது, ட்வொய்ங். கை வெந்துபோச்சு, ட்வொய்ங். நாத்தனார் சனோபரை, தின்றுவிட்டுத் தூங்கும் எருமை என்றாள். சனோபர் அதற்குத் தோளைக் குலுக்கி ஆடினாள். தாளம் பிரமாதம் என்றாள்.

மாமியாருக்கும் ஒரு பாட்டு உண்டு. கிழட்டுக் கழுதை, கிழட்டுக் கழுதை, உன் நிழல்கூட உதைக்குது. அதை வாசித்த நாளில்தான் ஒய்ஜமாலுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒரு மத்தியானம் பாட்டு பாதியில் இருக்கும்போது அடுப்பைச் சுற்றிக்கொண்டு அதோலத் வந்து நின்றாள். கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு வரி விடாமல் கேட்டாள்.

"நல்லா வாசிக்கிறே மகளே. கழுதைங்கிற இடத்துல மட்டும் நாக்கை இன்னும் கொஞ்சம் தூக்கணும்."

சிரித்தாள். வாய் முழுக்கத் தங்கம்.

திட்டவில்லை. அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுவாரம் அதோலத் தன் காதுத் தோட்டைக் கழற்றினாள். மருமகளைக் கைப்பிடித்து டவுனுக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஊரே வாயடைத்தது. இப்படி ஒரு மாமியாரா! நல்ல குடும்பத்துப் பெண்கள் தங்கப் பல்லோடு சிரிப்பதுதான் அங்கே அழகு.

டாக்டர் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கேம்மா. நல்ல பல்லை எதுக்கு ராவணும்?"

"நல்ல பல்லு யாருக்குத் தெரியும், டாக்டர்? தங்கம்னா தெரியும்."

ராவினார். முன்பற்கள் அரிசி நொய்யாகத் தேய்ந்தன. கண்ணீர் காதுவரை வழிந்தது. தோட்டை உருக்கி மேலே தங்க உறை போட்டார்.

திரும்பும் வழியில் மழை. பஸ் ஜன்னலோரம் அதோலத் தன் பல்லைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் என் மாமியாதான் போட்டு விட்டா. நானும் வாசிப்பேன். உன்னைவிட நல்லா."

மழை பெய்தது. ஒய்ஜமால் முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இரும்பு பட்டா தங்கம் தேஞ்சிரும், மகளே. பார்த்துக்க."

சாங்கோவுஸை அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை. உன் அம்மா வீட்டுச் சீர், நான் தொடமாட்டேன், பத்திரமா வச்சுக்க என்றாள். சாயங்காலம்தோறும் ஆ காட்டச் சொன்னாள். கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். குதிரை வாங்குகிறவள்போலப் பார்த்தாள்.

கீறல் இல்லை. தேனீயும் இல்லை.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் ஊர்ப் பெண்கள் தங்கம் பார்க்க வந்தார்கள். தட்டு நிறைய உலர் திராட்சை. கிண்ணம் நிறையத் தேநீர். ஒய்ஜமால் குனிந்து வணங்கி, வழக்கம்போல ஓரமாக நின்றாள்.

"ஏண்டி ஊமை மாதிரி நிக்கிறே?" என்றாள் அதோலத். "நாலு வார்த்தை பேசு. எல்லாரும் பார்க்கட்டும்."

பேசலாம். இந்த வீட்டில். உத்தரவோடு.

ஒய்ஜமால் வாயைத் திறந்தாள். குரல் துருப்பிடித்து வந்தது.

"வலிக்குது. தண்ணி பட்டா வலிக்குது, காத்து பட்டா வலிக்குது. ராத்திரியெல்லாம் வலிக்குது. என்னை எங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுருங்க."

"அடடா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "எப்படி மின்னுது பாருங்கடி!"

பெண்கள் கைதட்டினார்கள். சனோபர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். தனக்கு எப்போது என்று கேட்டாள்.

அதோலத் மட்டும் கேட்டாள், ஒரு வார்த்தை விடாமல். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் பல்லைத் தொட்டுக்கொண்டாள். எழுந்து வந்தாள். மருமகளின் மோவாயை, நோகாமல், இரண்டு விரலால் பிடித்தாள்.

"வெளிச்சத்துப் பக்கமாத் திரும்பிச் சொல்லு, மகளே."

திரும்பினாள். பிஞ்சு பிடித்த கிளைகளுக்கிடையே வெயில் இறங்கி வந்தது. நேரே அவள் வாய்க்குள் போய் உட்கார்ந்தது.