கீழே ஒரு குளியலறை

ஓய்வு பெற்ற முதல் கிழமையிலேயே ஸ்ரீகாந்தன் குசினி அலுமாரிகளைக் கலைத்து மாற்றி அடுக்கினார். பிறகு தோட்டத்துக் குழாய்களைக் கழற்றித் திரும்பவும் பூட்டினார். அதுவும் முடிந்ததும், மனைவி செல்வமலர் அரிசி கழுவும்போது பக்கத்தில் நின்று தண்ணீர் வீணாகிறது என்று சொல்லத் தொடங்கினார். சிட்னியில் ஒரு பொறியியல் கம்பனியில் அரைவாசி ஆயுளைக் கட்டட வரைபடம் வரைந்தே கழித்தவர். கை சும்மா இருக்காது. அவள் ஹோலில் இருந்தால் இவரும் ஹோலுக்கு வருவார். அவள் அறைக்குள் போனால், "என்ன தேடுறீர்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போவார். குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று, "சூடு காணுமோ? ஹீற்றரைக் கூட்டி விடவோ?" என்பார்.

ஆகவே ஒரு நாள் காலை அவள், "கீழை ஒரு பாத்ரூம் கட்டினால் என்ன?" என்று கேட்டபோது அவருக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது.

சிட்னியின் மேற்கே, நார்த்மீட்டில் அவர்களுடைய வீடு சரிவில் நிற்கிறது. தெருவில் நின்று பார்த்தால் ஒரே தளம், பின்வளவில் நின்று பார்த்தால் இரண்டு. கீழே, பாதி மண்ணுக்குள் புதைந்தபடி ஒரு நீளமான அறை. பின்வளவைப் பார்த்து ஒரு சன்னல், பக்கத்தில் ஒரு கதவு. பழைய சூட்கேசுகளும், மகள் வதனி மெல்பேணுக்குப் போகும்போது விட்டுப்போன மேசையும் அங்கே கிடந்தன.

"ஆரும் வந்து நிண்டால் வசதி," என்றாள் செல்வமலர்.

அவருக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. தேத்தண்ணி ஆறுமுன் அளவுநாடாவோடு படி இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை முழுக்கக் கடதாசி. ஷவரை ஒரு மூலையில் வைத்து வரைவார், பிறகு அழிப்பார். கதவு உள்பக்கம் திறந்தால் பேசினில் இடிக்கும், வெளிப்பக்கம் திறந்தால் அறையில் இடம் போகும். பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு போடலாமா என்று யோசித்தபடி மறுபடி கீழே போய் அளப்பார். அவரை ஆச்சரியப்படுத்தியது செல்வமலர்தான். இத்தனை வருடத்தில் அவருடைய வரைபடம் ஒன்றை நிமிர்ந்தும் பார்க்காதவள், இப்போது கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"கண்ணாடியைக் கொஞ்சம் கீழை, பதிச்சுப் போடுங்கோ."

"வாற ஆக்கள் உயரமாய் இருப்பினம், மலர்."

"குனிஞ்சு பாக்கட்டும். வோஷிங் மெஷினும் உள்ளுக்கு வரவேணும்."

"விருந்தாளியள் உடுப்புத் தோய்க்கவோ வருகினம்?"

"இருந்தால் என்ன குறைஞ்சு போகும்?"

சன்னல் விடயத்தில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. குளியலறைக்குச் சன்னல் இல்லாவிட்டால் ஈரம் காயாது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று அவர் வாதாடினார். அவளோ வெளிச்சம் அறைக்கு வேண்டும் என்று நின்றாள். குளியலறை மண்பக்கம் போகட்டும், காற்றை இழுக்க விசிறி பூட்டினால் போதும், சன்னலடியில் மேசை வரட்டும் என்றாள். ஸ்ரீகாந்தன் முனகிக்கொண்டே அப்படியே மாற்றி வரைந்தார். மனைவி தன்னோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறாள் என்ற சந்தோசத்தில் அவர் வேறொன்றையும் கவனிக்கவில்லை.

குழாய் வேலை செய்யும் பிரசாந்தன் ஒரு சனிக்கிழமை வந்தான். கோவிலில் பழக்கமான பொடியன். கீழே நின்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா இருக்கு அங்கிள். ஆர் பாவிக்கப் போறது? வயசான ஆக்களெண்டால் பிறகு கைபிடி பூட்ட வேண்டி வரும். அதுக்கு இப்பவே சுவருக்குள்ளை பலகை வைச்சு மூடவேணும்."

"விருந்தாளியள்தான். அது தேவைப்படாது," என்றார் ஸ்ரீகாந்தன்.

"வையுங்கோ தம்பி," என்றாள் செல்வமலர். "நான்தான் பாவிக்கப் போறன். நான் கீழை இருக்கப் போறன்."

பிரசாந்தன் அவரைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். "வெளியாலை பைப் எங்கை போகுதெண்டு பாத்திட்டு வாறன்," என்று சொல்லி மெல்ல நழுவினான்.

அவனுடைய வான் வண்டி தெருவைத் தாண்டும்வரை ஸ்ரீகாந்தன் பொறுத்திருந்தார்.

"என்ன கதை இது, மலர்?"

"உண்மையைத்தான் சொன்னனான்."

"அவன் கோவிலிலை போய்ச் சொன்னால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும். இஞ்சாருங்கோ, எனக்கு உங்களோடை கோபம் ஒண்டும் இல்லை. மேலை வருவன், சமைப்பன், சேர்ந்து சாப்பிடுவம். நீங்கள் வேலைக்குப் போன காலத்திலை, எனக்கு வேலையில்லாத நாளிலை எனக்கெண்டு ஒரு பகல் இருந்தது. இப்ப அது இல்லை. பூட்டிப்போட்டு இருக்க எனக்கொரு கதவு வேணும்."

"மேலை கதவு இல்லையோ?"

"இருக்கு. அதுக்கு வெளியாலை நீங்கள் நிக்கிறியள்."

அந்த வார்த்தை அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. வெட்டிய புல்லையே மறுபடி வெட்டினார். ரீவியைப் போட்டு நிறுத்தினார். வீட்டில் எந்த இடத்தில் இருந்தாலும் அங்கே இருக்கக் கூடாதவர்போல் உடனே எழுந்தார். மெல்பேணுக்கு அழைத்து வதனியிடம் முறையிட்டார். "அப்பா, இது டிவோர்ஸ் இல்லை. ஷீ நீட்ஸ் ஸ்பேஸ், தட்ஸ் ஓல்," என்றாள் மகள். ஏற்கெனவே தாயும் மகளும் கதைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியது. அது இன்னும் சுட்டது.

அந்தக் கோபத்தோடுதான் புதிய வரைபடம் ஒன்றை வரைந்தார். வீட்டைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கும் படம். அதில் வளவைக் கடக்கும் கழிவுக் குழாயை, கீழறையின் நிலத்துக்கும் மேலே கீறினார். அது பொய். குழாய் நிலத்துக்கு எவ்வளவோ ஆழத்தில், கீழ்வேலி ஓரமாகப் போகிறது என்று அவருக்குத் தெரியும். இல்லாத இடத்தில் ஒரு குழாயை அவர் தன் வாழ்நாளில் கீறியதில்லை. கோடு முடிந்தபிறகும் பென்சில் கையிலேயே இருந்தது.

"இதைப் பாரும்," என்று அவளிடம் நீட்டினார். "தண்ணி மேலை ஏறாது. பம்ப் பூட்ட வேணும். அது நெடுகச் சத்தம் போடும், அடைக்கும். கவுன்சிலும் விடாது."

அவள் நெடுநேரம் படத்தைப் பார்த்தாள். "அப்ப சரிவராது?"

"சரிவராது."

"சரி," என்று கடதாசியை மடித்து வைத்தாள்.

அவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அன்று இருமுறை சோறு போட்டுச் சாப்பிட்டார். மறுநாள் காலை அவள் தன் பகுதிநேர வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "வென்ற்வேர்த்வில்லிலை சின்ன யூனிற் வீடு ஒண்டு வாடகைக்கு இருக்காம். என்னோடை வேலை செய்யிற பிள்ளை சொன்னவ. வாற சனிக்கிழமை பாக்கப் போறன். நீங்களும் வாறதெண்டால் வாங்கோ."

அவள் போனபிறகு ஸ்ரீகாந்தன் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் கீழறைக்குப் போய் ஒரு சூட்கேசின் மேல் இருந்தார். சன்னல் வழியாக வந்த வெயில் வதனியின் மேசையில் விழுந்திருந்தது. மேலே ஆள் நடந்தால் இங்கே கேட்குமா என்று யோசித்தார். கேட்கும். வென்ற்வேர்த்வில்லில் கேட்காது. அங்கே அவளுடைய குழாயைத் திறக்கிற சத்தம் இவருக்கும் கேட்காது. பழகிப்போன அந்தச் சின்னச் சத்தம் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பின்னேரம் அவள் வந்து கைப்பையை வைக்குமுன்னே வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். கழிவுக் குழாயை அழித்துவிட்டு, அது இருக்க வேண்டிய ஆழத்தில் கீறினார்.

"பிழையாய் வரைஞ்சிட்டன்," என்றார்.

"பிழையாவோ?"

"இல்லை. தெரிஞ்சுதான்."

"எனக்கும் தெரியும். விளங்கப்படுத்தேக்கை நீங்கள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை."

"அப்ப ஏன் சரியெண்டனீர்?"

"மனமில்லாத ஆளைக் கொண்டு எனக்கொரு இடம் கட்டுவிக்கலாமோ?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பென்சிலைச் சீவினார். அதுவரை அவர் அவளிடம் ஒன்றையும் கேட்டு வரைந்ததில்லை, அவள் சொன்னதைத்தான் கீறியிருந்தார். இப்போது கேட்கத் தொடங்கினார். சவர்க்காரத்தை எந்தக் கையால் எடுப்பாள்? முகம் கழுவும்போது வெளிச்சம் பின்னால் இருந்தால் பிடிக்காதா? நிலத்து ஓடு வழுக்கும் என்று பயமா? சில கேள்விகளுக்கு அவளுக்கே பதில் தெரியவில்லை. எழுந்து மேலே உள்ள குளியலறைக்குப் போய்ச் செய்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவசரத்துக்கு மேலே மணியடிக்கிற ஒரு பொத்தானும் கீழே வைக்கலாம் என்றார் அவர். வேண்டாம் என்றாள். அவர் அழித்தார். தாழ்ப்பாள் உள்பக்கம் என்றாள். "ஓம்," என்று அதையும் கீறினார்.

பிரசாந்தனும் ஆட்களும் கொங்கிரீற்றை உடைத்துக் குழாய் இறக்கினார்கள். தூசியும் இரைச்சலுமாக நாட்கள் போயின. வேலை முடிந்து, செல்வமலரின் கட்டிலும் உடுப்புகளும் கீழே போயின.

அவள் அங்கே இருந்த முதல் காலை, ஸ்ரீகாந்தன் மேலே விழித்தபோது கீழே அவளுடைய குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து படிவரை போனார். சூடு காணுமா என்று கேட்க வாய் வந்தது. படியில் நின்றபடியே கைப்பிடியைத் தட்டினார், தட்டியதை அவரே கேட்டுக் கையை எடுத்தார். இந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அவளிடம் கீழே இறங்கிவிடுவோம் என்று தோன்றியது. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

பிளாக்டவுன் கடைத்தெருவில் அவருக்கு ஒரு அலுவலும் இருக்கவில்லை. கடைகளுக்குள் நுழைந்து வெளியே வந்தார். ஒரு தேத்தண்ணி குடித்தார். பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரோடு கிரிக்கெட் கதைத்தார். நேரம் போனது தெரியவில்லை. மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

செல்வமலர் மேலே, வாசல் சன்னலருகே நின்றாள்.

"எங்கை போனனீங்கள்?"

"பிளாக்டவுனுக்கு. மீன் வாங்க."

"சொல்லிப்போட்டுப் போகக் கூடாதோ? மேலை ஒரு சத்தத்தையும் காணேல்லை. வந்து பாத்தால் காரும் இல்லை, ஃபோன் கட்டிலிலை கிடக்குது." தான் பதறியது அவளுக்கே பிடிக்கவில்லைபோல, மீன்பையை வாங்கித் திறந்து பார்த்தாள். "விளைமீன். நல்ல பழுதில்லாத மீன்."

"நானே வெட்டிக் குழம்பு வைக்கிறன்," என்றார் ஸ்ரீகாந்தன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"சரி. சமைச்சு முடிய என்னைக் கூப்பிடுங்கோ," என்று அவள் கீழே இறங்கினாள்.

புளி எவ்வளவு கரைப்பது என்று கேட்க அவர் கீழே போகும் படிவரை போனார். அதற்குள் கீழே சன்னலடியில் அவள் கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கேட்காமலே திரும்பி வந்து, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, முதல் மீனைச் செதில் சீவத் தொடங்கினார்.