பதினாலாம் நம்பரின் புகுந்த வீடு

தொட்டியின் மூடியைத் தூக்கியதுமே லூர்துமேரிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே நாலு லட்சம் உயிர் நீந்தவேண்டும்; வந்த வாடையோ, நொச்சிக்குப்பத்து ரோட்டோரத்தில் மத்தியானம் வரை விலைபோகாத நண்டின் வாடை. ஒரு குவளைத் தண்ணீரைச் சல்லடையில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். சிப்பிக் குஞ்சு என்பது வெறும் தூசு மாதிரிதான். ஆனால் உயிருள்ள தூசு சும்மா இருக்காது, கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். இது அப்பளம் பொரித்த எண்ணெயின் அடிக்கசடு மாதிரி அசையாமல் கிடந்தது. பிறந்து ஒன்பதாம் நாள். போன தடவையும் இதே ஒன்பதாம் நாள்தான். “மாதாவே” என்றாள். அது பிரார்த்தனை இல்லை. இந்தக் கூத்துக்கு நீயும் சாட்சியா என்று கேட்கிற தோரணை.

அந்தச் சிப்பி மரபியல் பிரிவின் பெயர்ப்பலகை மட்டும் ஒரு மாட்டு வண்டி நீளம். பிரிவு இருந்தது, கடலிலிருந்து ஒரு மைல் தள்ளி மந்தைவெளியில், மாவு மெஷினுக்கும் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கும் கடைக்கும் நடுவில், ஒரு வாடகை பங்களாவில். கடலோரமாக இடம் பார்த்தால் உப்புக்காற்றில் ஃபைல்கள் நமுத்துப்போகும் என்று மேலிடம் யோசித்ததாகக் கேள்வி. ஆகவே கடல், வாரத்துக்கு மூன்று தடவை டெம்போவில் ஏறி, பீப்பாய்களில் குலுங்கிக்கொண்டு மந்தைவெளிக்கு வரும். லூர்துமேரியின் வீட்டுக்கு எதிரே அலையடிக்கிற அதே கடல்தான். அவள் பஸ்ஸிலும் அது டெம்போவிலுமாகக் கிளம்பி வந்து இங்கே சந்தித்துக்கொள்வது பதினோரு வருஷத்து வழக்கம்.

இந்த ராஜ்ஜியத்துக்கு ராஜா டாக்டர் கஸ்தூரிரங்கன். மழைக்காலத்தில் முகத்துவாரத்துக்குள் நல்ல தண்ணீர் புகுந்தால் சிப்பி கூட்டம் கூட்டமாகச் சாகும். சாகாமல் தப்பித்தவற்றைப் பொறுக்கி, அவற்றுக்குள் கல்யாணம் கட்டிவைத்து, எந்த மழைக்கும் அசையாத ஒரு வம்சத்தை உண்டாக்குவது திட்டம். திட்டத்தில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நெருங்கின ரத்தத்துக்குள் கட்டினால் வம்சம் நொடித்துப்போகும். அதனால் எது எதற்குப் பிறந்தது என்று நோட்டுப் போடவேண்டும். உலகத்தில் மற்ற பேர் இதற்கு ஏ, பி, சி என்று எழுத்து வைத்துக்கொண்டார்கள். கஸ்தூரிரங்கன் கோத்திரம் வைத்தார்.

“வெள்ளைக்காரன் நேத்திக்குக் கண்டுபிடிச்சான். நம்மாத்துல ஆயிரக்கணக்கான வருஷமா இதைத்தானே பண்ணிண்டிருக்கோம்? ஒரே கோத்திரத்துல பொண்ணு எடுக்கப்படாதுன்னா என்ன அர்த்தம்? ஜெனெடிக்ஸ்!” என்று தபால்காரரைக்கூட நிறுத்திச் சொல்வார். சிப்பித் தட்டுகள் ஒவ்வொன்றிலும் கௌசிகம், பாரத்வாஜம், வாதூலம் என்று சீட்டு ஒட்டியிருந்தது. பூணூல் போடாததுதான் பாக்கி. இதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டு மாநாட்டில் வாசிக்கப்போவதாகச் சொல்லி, டி.நகரில் கோட்டு தைக்கக் கொடுத்தே மூன்று மாதம் ஆகியிருந்தது.

நாலு லட்சமும் போன செய்தி கேட்டுக் கஸ்தூரிரங்கன் நாற்காலியில் சரிந்தார். துக்கத்தில் என்று நினைத்துவிடவேண்டாம். மறுநாள் டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. அரை மணி நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, யாரோ கேட்டுவிடப்போகிறார்கள் என்பதுபோல் மெதுவாக டைப்பிஸ்டைக் கூப்பிட்டார்.

மத்தியானம் டைப் அடித்த காகிதத்தை லூர்துமேரியிடம் நீரஜாதான் கொண்டுவந்தாள். மயிலாப்பூர் மாடவீதிப் பெண். தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் கஸ்தூரிரங்கன் கையெழுத்துப் போடவேண்டும் என்பதற்காக நாலு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவள். காகிதத்தின் தலைப்பில் மெட்ராஸ் என்பதைக் கோடு போட்டு அடித்துச் சென்னை என்று மாற்றியிருந்தது. அடியில் பச்சை மசியில் அவருடைய கையெழுத்து, வால் நீண்ட பல்லி மாதிரி.

“இன்னாம்மா எழுதிகீது?”

“எட்டாந்தேதி நீங்க தண்ணியே மாத்தலையாம் மேரிம்மா. அதனாலதான் குஞ்செல்லாம் செத்துடுத்தாம். ஆமாம், என் கவனக்குறைவுதான்னு ஒத்துண்டு கையெழுத்துப் போடணுமாம். நாளைக்குள்ள.”

“எட்டாந்தேதி எம் பேத்திக்கு சர்ச்சுல புதுநன்மை விசேசம். அதுக்கே போவாம இங்க தண்ணி மாத்திக்கினு கெடந்தேன். பக்கத்துல குந்திகினு சுண்டல் துன்னது யாரு? நீதானே?”

நீரஜா தரையைப் பார்த்தாள். தரையில் ஒன்றுமில்லை.

லூர்துமேரி பதினோரு வருஷமாகத் தினக்கூலி. அவளைப் பர்மனெண்ட் ஆக்கச் சொல்லும் ஃபைல் ஒருவழியாக டெல்லிவரை போய், அங்கே மாடி மாடியாக ஏறி, இப்போது கடைசி மேஜையில் கிடக்கிறது. நாளைக்கு வருகிற குழுவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுந்தால் அந்த ஃபைல் திறக்கும். கவனக்குறைவு என்று ஒரு மெமோ போனால், ஃபைலைக் கட்டுகிற கயிற்றுக்குக்கூட வேலை இருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் அந்தப் பச்சைப் பல்லி ஊர்ந்திருக்கிறது. நாலு லட்சம் பிணத்தைத் தூக்கி ஒரு பொம்பிளை தலையில் வைத்துவிட்டு, மனுஷன் உள்ளே தயிர்சாதத்தில் மாவடுவைக் கடித்துக்கொண்டிருக்கிறான். தூ.

“அந்த நோட்ட எடுத்தா. செத்துச்சே, அது யாருக்கும் யாருக்கும் கட்டிவெச்ச கொழந்தைங்க? படி.”

“கௌசிகப் பசங்க, பாரத்வாஜப் பொண்ணுங்க. போன தடவையும் அதே ஜோடிதான். வேற வேற கோத்திரம், தோஷமே இல்லை.”

“கௌசிகத்துக்கு அப்பன் ஆரு?”

“முந்தின வருஷம் பதினாலாம் நம்பர்.”

“பாரத்வாஜத்துக்கு அம்மா?”

“பா-ரெண்டுன்னு போட்டிருக்கு.”

லூர்துமேரி பாரத்வாஜத் தட்டில் கைவிட்டுத் துழாவி, உள்ளங்கை அகலச் சிப்பி ஒன்றை எடுத்தாள். மேல் ஓட்டில் சிவப்பு நகப்பாலிஷில் ‘பா-2’. அவள் கையால் எழுதியதுதான். புரட்டிக் காட்டினாள். அடி ஓட்டில், அதே பாலிஷில், கொஞ்சம் வெளிறி, ‘14’. அதுவும் அவள் கையெழுத்துதான்.

சிப்பிக்கு ஒரு குணம் உண்டு. இளசில் ஆணாக இருப்பதில் சில, வருஷம் ஒன்று போனால் பெண்ணாகிவிடும்; சில அப்படியே நிற்கும். லூர்துமேரிக்கு அதைச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டாம். ஓட்டில் துளையிட்டு ஊசியால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவாள். பாலாகக் கலங்கினால் அப்பன், ரவையாகப் பிரிந்தால் அம்மா. பதினாலாம் நம்பர் முந்தின வருஷம் பால், போன வருஷம் ரவை. கஸ்தூரிரங்கனுக்கும் தெரியாததில்லை, இதைப் பற்றி மட்டுமே ஏழு கட்டுரை எழுதிய மகான். ஆனால் நோட்டில் எழுதும்போது ஏழு கட்டுரையும் பறந்துபோய் ஆத்துப் பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினாலு இப்போது பெண்ணா? பாரத்வாஜப் பையனுக்குக் கொடுத்தாச்சா? கல்யாணமானால் பெண்ணுக்குக் கோத்திரம் மாறவேண்டுமே! மாற்றினார். புகுந்த வீட்டில் புது நம்பர் கொடுத்து, பழைய நம்பரை அழித்துவிட்டு எழுதச் சொன்னார். நகப்பாலிஷைச் சுரண்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? லூர்துமேரி மறுபக்கத்தில் எழுதிவிட்டாள்.

“அப்பனா இருக்கசொல்ல ஒரு வூடு. அம்மாவா ஆனப்பறம் இன்னொரு வூடு. ரெண்டு வூட்டுப் புள்ளைங்களும் இதுக்குப் பொறந்ததுதான். அண்ணன் தங்கச்சிக்கு மேளம் கொட்டிக் கட்டிவெச்சிட்டு, செத்துப்போச்சி, தண்ணி மாத்தலன்றாரு ஒங்க சாரு.”

நீரஜா பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள். “அப்பாவழி மட்டுந்தான் பார்த்திருக்கார்…”

“அம்மாவழிய எவன் பாத்தான்?”

“இதை நாளைக்குச் சொல்லிடாதீங்கோ மேரிம்மா. என் தீஸிஸ் பூரா இந்த நோட்டுலதான் நிக்கறது.”

“நீ ஒண்ணும் சொல்லாத கண்ணு. படிச்சவ. படிச்சவங்களுக்கு வாய் எங்க கீது?” என்று சொல்லிவிட்டு லூர்துமேரி பதினாலாம் நம்பரைத் தனியாக ஒரு வாளியில் போட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் வந்ததும் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி பிடித்து, விஞ்ஞானத்துக்குத் தங்கள் கடமையை முடித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் டாக்டர் மெஹபூப் அலி. திருவல்லிக்கேணியில் பிறந்து டெல்லியில் தலை நரைத்தவர். அவர் மட்டும் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். காலித் தொட்டியின் முன்னால் நின்றார்.

“டிராஜெடி சார்,” என்றார் கஸ்தூரிரங்கன். குரலில் நாலு லட்சம் பேருக்குத் தகப்பனின் தழுதழுப்பு. “வம்சம் பிரமாதமான லைன் சார். லேபர்தான் சார் பிரச்னை. எவ்வளவு சொன்னாலும் தண்ணி மாத்த மாட்டேங்கறா. கேட்டா, எழுதியே கொடுத்துடறேன்னுட்டா. மேரி, அந்தப் பேப்பரை ஸைன் பண்ணிட்டியோன்னோ?” தம் பேனாவைத் திறந்து நீரஜாவிடம் கொடுத்து, மேரியிடம் கொடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

நீரஜா பேனாவை வாங்கிக்கொண்டாள். நகரவில்லை.

மெஹபூப் அலி லூர்துமேரியின் பக்கம் திரும்பினார். டெல்லி முகத்திலிருந்து திடீரென்று திருவல்லிக்கேணி எட்டிப்பார்த்தது. “இன்னாம்மா, நெசமாவே தண்ணி மாத்தலியா?”

“சார், நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க பெரியவரு, சொல்லுங்க.” மேஜைமேல் மெமோவை விரித்து, வாளியிலிருந்து சிப்பியை எடுத்துச் சொட்டச் சொட்ட அதன் நடுவில் வைத்தாள். “இது ஆரு?”

“பா-2,” என்று படித்தார் அவர்.

புரட்டினாள். “இப்ப?”

“பதினாலு.”

“கண்ணாலத்துக்கு முந்தி பதினாலு. அப்ப ஆம்பள. கௌசிகம் தட்டுல கீற அத்தினிக்கும் அப்பன் இது. அப்பறம் பொம்பளையாச்சி. சாரு இத்த பாரத்வாஜத்துல கட்டிக் குடுத்து, கோத்திரத்த மாத்தி, நம்பர மாத்தி எழுதிக்கினாரு. அந்தத் தட்டுல கீற பொண்ணுங்களுக்கு அம்மாவும் இதுதான். அந்தப் பசங்களுக்கும் இந்தப் பொண்ணுங்களுக்கும் முடிச்சிப் போட்டா, கொழந்த எப்பிடி சார் தங்கும்? நான் தண்ணிய மாத்துனேன். ஒறவ மாத்துனது நான் இல்ல.”

மெஹபூப் அலி கண்ணைச் சிப்பியிலிருந்து தட்டுகளுக்குத் திருப்பினார். தட்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் மாவு மெஷின் நின்றுபோனதாக இன்றுவரை மந்தைவெளியில் சொல்கிறவர்கள் உண்டு. மின்விசிறிக்கு அடியில் இருந்த இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“கஸ்தூரி, பொண்ணுக்குக் கோத்திரம் மாறும்யா. ரத்தமுமா மாறும்?”

“அது வந்து சார், நாமன்கிளேச்சர்ல, பேர் வைக்கறதுல, ஒரு சின்ன இஷ்யூ. நானும் அதைத்தான் ஸஸ்பெக்ட் பண்ணிண்டே இருந்தேன். நீரஜாட்ட இன்னிக்குக் கார்த்தாலகூடச் சொன்னேன். சொன்னேனோல்லியோ நீரஜா?”

“இல்லை சார்,” என்றாள் நீரஜா. அந்த இரண்டு வார்த்தைக்கு அவளுக்கு நாலு வருஷம் பிடித்திருந்தது. சொன்னதும் தானே பயந்துபோய்ப் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மெஹபூப் அலி கண்ணாடியை மூக்கில் இறக்கினார். “அது கெடக்கட்டும். சிப்பிக்கு அடியில இன்னா பேப்பர் அது?”

“ஒண்ணுமில்லை சார். இன்டர்னல் மேட்டர். பழைய சர்க்குலர்.” கஸ்தூரிரங்கன் மேஜைக்குத் தாவி வந்தார். “மேரி, அந்தப் பேப்பரை எடுத்துக் கொடு.”

லூர்துமேரி ஈரக் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போய் நின்றாள். “நீங்க குட்த்ததுதானே சார். நீங்களே எட்த்துக்குங்க.”

கஸ்தூரிரங்கன் கையை நீட்டினார். சிப்பிகளைப் பற்றி நாற்பத்தாறு கட்டுரைகள் எழுதிய விரல்கள். இந்தப் பதினோரு வருஷத்தில் அவை ஒரு சிப்பியின்மேல் பட்டு அவள் பார்த்ததில்லை. ஏதாவது காட்டவேண்டுமென்றால் பேனாவைத்தான் நீட்டுவார். அவர் நீரஜாவைப் பார்த்தார். நீரஜா ஜன்னலைப் பார்த்தாள். விரல்கள் சிப்பிக்கு நாலு அங்குலம் மேலே வந்து, அங்கேயே நின்றன. மூன்று டெல்லிக்காரர்களும் குனிந்து காத்திருந்தார்கள். சிப்பியின் ஓட்டிடுக்கிலிருந்து கடல் தண்ணீர் மெல்லக் கசிந்து காகிதத்தில் பரவி, கீழ்க்கோடிவரை போய், கையெழுத்தைத் தொட்டது. பச்சை மசி முதலில் வாலில் கலைந்தது, பிறகு உடம்பில்.