ஒன்பதாவது படிக்கிறவள்

அரசாங்கத்திலிருந்து வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் இஸ்திரிக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி தன் கேஸ் அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எதிர்வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. விறகடுப்பைப் பழைய துணி போட்டு மூடியாயிற்று. "வர்றவங்க நம்மள எளக்காரமா பாத்துடக்கூடாதுல்ல," என்றாள் தையல்காரி. அந்தத் தெருவே அப்படித்தான். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் வீறாப்புக்குக் குறைச்சல் இருக்காது.

வந்தவள் சின்னப் பெண், கையில் டேப்லெட். சம்பளம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், எதில் சமைக்கிறீர்கள் என்று வீட்டையே துருவினாள். இஸ்திரிக்காரி கூசாமல் கேஸ் அடுப்பைக் காட்டினாள். அந்தப் பெண்ணும் நம்பிப் பதிந்துகொண்டாள்.

"பாப்பா ஸ்கூலுக்குப் போகுதா அக்கா?"

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மூத்தவள் அம்மாவைப் பார்த்தாள். தம்பி பிறந்ததும், அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஏழாவதோடு நின்றவள்.

"போறாளே! ஒன்பதாவது. தம்பிக்கு ஒடம்பு சரியில்லன்னு இன்னிக்கு லீவு போட்டுட்டா."

"நல்லதுக்கா. படிப்ப நிறுத்துன பொண்ணுங்கள மறுபடி சேத்துவிடறாங்க. கைக்கொழந்தையப் பாத்துக்கவும் எடம் தர்றாங்க. உங்களுக்கு அது தேவப்படாது."

இஸ்திரிக்காரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் தையல்காரி பெருமை தாங்காமல் நின்றுகொண்டிருந்தாள். இப்போது மாற்றிப் பேசினால் அடுப்பும் பொய், நாற்காலியும் பொய் என்றாகிவிடும். தனக்காக ஓடியாடியவள் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? சொல்லித் தொலையேன் பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் அந்தப் பெண் டேப்லெட்டை மூடிப் பையில் வைத்து, போய்வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். தையல்காரியும் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

மகள் அழவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏம்மா, ஒன்பதாவதுன்னு எப்படி டக்குனு சொன்னே?"

"பள்ளிக்கூடம் தொறக்கறப்பல்லாம் நெனச்சுக்குவேன்டி, இந்நேரம் நீ என்ன படிச்சிட்டிருப்பேன்னு."

சொன்ன மாத்திரத்தில் இஸ்திரிக்காரி செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். "ஏம்மா, நில்லும்மா!" என்று கத்திக்கொண்டே முனைவரை போனாள். அங்கே சந்து இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் வெயில்தான் கிடந்தது.