ஏறும்போது இடப்பக்கம்

எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் யாரும் கிழக்கு மேற்கு சொல்ல மாட்டார்கள். ஓடையை வைத்துத்தான் சொல்வோம். கேன் லிக் ஓடை மலைக்குள்ளிருந்து இறங்கி எங்கள் வீட்டு முன்னால் தார் ரோட்டைத் தொடுகிறது. அதை ஒட்டி மேலே ஏறும்போது எந்தக் கைப்பக்கம் இருக்கிறதோ அதுதான் பக்கம். திரும்பி வரும்போதும் அது மாறாது. தபால்காரர்கூட அப்படித்தான் சொல்வார்.

ஏறும்போது இடப்பக்கம், பெரிய பீச் மரத்துக்கு அடியில், எங்கள் அம்மா வீட்டாரின் கல்லறைகள் பதினேழு இருந்தன. பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. ஓடையிலிருந்து எடுத்த தட்டைக் கற்களைத் தலைமாட்டில் நட்டிருப்பார்கள். எந்தக் கல்லின் அடியில் யார் என்பது எங்களுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டோம். மூன்றாம் வரிசையில் நான்கு சின்னக் கற்கள். அதில் ஒன்று ஏன்ஸல். என்னோடு பிறந்தவன். நான் அழுதுகொண்டே வந்தேனாம். இருபது நிமிடம் கழித்து அவன் அழாமல் வந்தானாம். அப்பா அன்றைக்கே பலகை அறுத்துப் பெட்டி செய்தார். அப்பா பிறகு ஒஹாயோவுக்கு வேலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கல்லறைக்குப் பூ வைக்கும் நாளில், அந்தக் கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அந்த வருடம் நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்வாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டதையும் என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவனிடம்தான் சொன்னாள்.

போன வருடம் மாநில அரசு ஓடையோரமாக நான்கு வழிச் சாலை போடப்போவதாகக் கடிதம் வந்தது. வேலை நடக்கும் இடத்தில் பெயரில்லாத கல்லறை ஏதாவது அகப்பட்டால், உரிமை கோர ஆளில்லாததாகக் கருதி, பொது மயானத்துக்கு மாற்றப்படும் என்று அதில் ஒரு வரி.

அம்மா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். "ஆளில்லையாமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள்.

டெல்மர் மாமா, அம்மாவின் தம்பி, மேஜையில் சோள ரொட்டியைப் பாலில் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "வழக்குப் போடு, வெர்லீன் அக்கா. நம்ம ஹோபர்ட் சைஸ்மோர்தானே ஜட்ஜு? அவரு தாத்தாவே ரெண்டு பள்ளம் தள்ளி இப்படி ஒரு கல்லுக்குக் கீழதான் படுத்திருக்காரு."

அம்மாவின் நம்பிக்கை முழுக்க அதில்தான் இருந்தது. சைஸ்மோர் எங்கள் மாவட்டம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நீதிபதி. நிலத்தகராறு வந்தால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நேரே இடத்துக்கு வந்து நின்று பார்ப்பார். "அந்த மனுசன் ஒரு தடவ மேல ஏறி வந்து பாத்தாருன்னா போதும். நான் வாயே தொறக்க வேணாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பக்கத்து ஏழு மாவட்டத்துக்கும் சேர்த்து இலவசச் சட்ட உதவி அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஜோரெட்டா என்ற வக்கீல், நகரத்துப் பெண், வழக்கை எடுத்துக்கொண்டாள். ஒருநாள் மதியம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மா முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலைக்குப் போயிருந்தாள். நான் பொதுவாகப் போன் எடுக்கமாட்டேன். அன்றைக்கு அது நிற்காமல் அடித்ததால் எடுத்தேன்.

"ட்ரெஸ்ஸியா? ஒரே ஒரு கேள்விம்மா. கல்லறைங்க ஓடைக்கு எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஏறும்போது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் சொல்லத் தேவையிருந்ததில்லை.

மனுப் போட்ட இரண்டாவது வாரமே புதுச் சட்டம் குறுக்கே வந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் தலைநகரில் நிறைவேற்றியிருந்தார்கள். அரசின் உத்தரவை எதிர்த்து யார் வழக்குப் போட்டாலும், அந்த ஊர் நீதிபதி வேண்டாம் என்று அரசுத் தரப்பு கேட்கலாம். கேட்டால், தலைநகரில் இருக்கும் நீதிமன்ற எழுத்தர் நூற்றுச் சொச்சம் மாவட்டங்களில் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பார். வழக்கு அங்கே போய்விடும். தனக்கு ஓட்டுப் போட்டவர்களின் பக்கம் நீதிபதி சாயக்கூடாது என்பதற்காகவாம்.

"பிங்கோ மாதிரி குலுக்குறாங்களாம்" என்றார் மாமா. "நம்ம தீயணைப்பு நிலையத்துல பிங்கோ அடிச்சா பரிசா ஒரு பன்னித் தொடையாவது குடுப்பாங்க."

"சைஸ்மோர் என்ன தப்புப் பண்ணாரு?" என்று அம்மா போனில் ஜோரெட்டாவிடம் கேட்டாள்.

"தப்பு ஒண்ணுமில்ல, வெர்லீன். அவருக்கு இடம் தெரியும், ஆளுங்களத் தெரியும். அதான் அவங்க சொல்ற காரணமே."

"தெரிஞ்சவருதானே தீர்ப்புச் சொல்லணும்?"



குலுக்கலில் வந்தது மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் மாவட்டம். மாமாவின் லாரியில் ஆறு மணி நேரம். மலைகள் சின்னதாகிச் சின்னதாகி ஓரிடத்தில் இல்லாமலே போய்விட்டன. இரண்டு பக்கமும் சோயா வயல். மறைய ஒரு மூலையில்லாமல் எல்லாம் திறந்து கிடந்தது. அங்கே கடிகாரம் எங்களுக்கு ஒரு மணி பின்னால் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பூட்டிய நீதிமன்றத்தின் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா தன் ஒரே நல்ல உடுப்பைக் கசங்காமல் முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பாத்தியா, நேரத்தைக்கூட நம்மகிட்டேருந்து பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள விடறாங்க" என்றார் மாமா. அம்மா சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

நீதிபதி விட்லோ கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அம்மா பேசியதை முழுக்கக் கேட்டார். அம்மா ஒவ்வொரு கல்லையும் சொன்னாள். இது யார், அது யார், எந்த வருடம், என்ன காய்ச்சல். ஏன்ஸலிடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

பிறகு திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார்கள். நடுவில் நீலமாக எங்கள் ஓடை. கீழே தார் ரோடு, அதன் ஓரத்தில் குட்டிச் சதுரமாக எங்கள் வீடு. ஓடைக்கு வலது பக்கம் முழுக்கப் பச்சை பூசியிருந்தார்கள்.

"இடக்கரை பச்சையில காட்டியிருக்கு, மாண்புமிகு நீதிபதி" என்றார் அரசு வக்கீல். சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "அதுல கல்லறை இருக்குன்னு மனுதாரர் சொல்றாங்க. நாங்க அளந்தப்போ கண்ணுல எதுவும் படல. ஆனா ரோட்டை மொத்தமா வலக்கரைக்கு மாத்திக்கிறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

நான் திரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து மனதுக்குள் ஏறிப் போனேன். பச்சை வலது கைப்பக்கம் வந்தது. மறுபடி ஏறினேன். மறுபடியும் வலது கை. வரைபடத்தைத் தலைகீழாகப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். எனக்குத்தான் இதெல்லாம் வராதே. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னபோது வரி விட்டு வரி தாவி, வகுப்பே சிரித்து, அதோடு நின்றவள் நான். இத்தனை படித்தவர்கள் வரைந்த படம் தப்பாக இருக்குமா?

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் பொறுடி கண்ணு, முடியப்போகுது. அப்புறம் கழிவறை எங்கன்னு கேக்கலாம்" என்று காதருகே சொல்லி, என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"கல்லறைகள் இடப்பக்கம் என்பது சரிதானே அம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஆமாங்கய்யா. இடப்பக்கம்" என்றாள் அம்மா, நிமிர்ந்து உட்கார்ந்து.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். இடக்கரையில் ஒரு கைம்மண்ணைக்கூடத் தொடக்கூடாது, வேலை முழுக்க வலக்கரையில்தான் என்று தீர்ப்பு. ஜோரெட்டா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். திரும்பும் வழியில் ஓர் உணவகத்தில் மாமா எல்லாருக்கும் ஆப்பிள் பை வாங்கிக்கொடுத்தார். "வயல்காட்டு ஜட்ஜுன்னு நெனச்சேன், தங்கமான மனுசன்" என்றாள் அம்மா. என் தட்டில் இருந்ததை நான் தொடவில்லை. லாரியில் தலை சுற்றியது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். பீச் மரம் இடது கைப்பக்கம்தான் இருந்தது. அப்படியானால் படம்தான் தலைகீழ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஏப்ரலில் இயந்திரங்கள் வந்தன. மேஸ்திரி எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, இதுதானே கேன் லிக் என்று கேட்டார். அம்மா காபி போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"இடப்பக்கம் பாத்துப் போங்க. எங்க பிள்ளைங்க இருக்கு" என்றாள்.

மேஸ்திரி தொப்பியைக் கழற்றினார். "உத்தரவு என் கையிலயே இருக்கும்மா. இடக்கரையில எங்க ஆளுங்க ஒருத்தன் கால் வைக்கமாட்டான். நீங்க நிம்மதியா இருங்க."

அம்மா நிம்மதியாகத்தான் வேலைக்குப் போனாள். அவர்கள் மேலே போகும் பாதையில் கயிறு கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் இயந்திரச் சத்தத்தை வீட்டுக்குள் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் என்னால் முடியவில்லை. கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினேன்.

வலது கைப்பக்கம் புதரும் முள்ளும் அப்படியே இருந்தன. ஓர் இலைகூட மிதிபடவில்லை. அதைச் சுற்றி ஆரஞ்சு வேலி போட்டு, உள்ளே போகக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். இடது கைப்பக்கம் பீச் மரம் இல்லை. மஞ்சள் மண் சீராக வெட்டியிருந்தது. எங்கள் ஓடைக் கற்களை ஓரமாக ஒரு குவியலாகப் போட்டிருந்தார்கள்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "பெயரில்லாத குழிங்க பதினேழு இருந்துச்சும்மா, வலக்கரையில. ஆளில்லாததுன்னு... முறையாத்தான் எடுத்தோம். ஒவ்வொண்ணுக்கும் தனிப்பெட்டி." கையிலிருந்த உத்தரவைப் பிரித்து மறுபடி படித்தார். அவருக்கும் புரியத் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்று மாலை ஜோரெட்டா போனில் அழுதாள். தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் வருவதுதான் இடக்கரையாம். படத்திலும் சட்டத்திலும் எங்கேயும் அப்படித்தானாம். அவளும் அப்படித்தான் எழுதினாள். விட்லோவும் அப்படித்தான் படித்தார். மாமா நேரே சைஸ்மோர் வீட்டுக்குப் போய் நின்றார். சைஸ்மோர் வாசலிலேயே கேட்டாராம், "இடப்பக்கம்னா ஏறும்போதுதானே?" என்று. பிறகு பூட்ஸை மாட்டப் போய், பாதியில் கழற்றி வைத்துவிட்டாராம். அவருக்கு அந்த வழக்கில் இப்போது ஓர் அதிகாரமும் கிடையாது.

அம்மா அழவில்லை. "நான்தானே இடப்பக்கம்னு சொன்னேன். அந்த மனுசன் கேட்டப்போ நான்தானே சொன்னேன்" என்று பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். போனில் முதலில் சொன்னது நான் என்றும், திரையில் பார்த்தது என்ன என்றும் அப்போது சொல்லியிருக்கவேண்டும். துணியை எடுத்து அவள் கழுவியதைத் துடைத்து அடுக்கினேன்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பொது மயானத்துக்குப் போனோம். அது ஊருக்கு வெளியே, மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம். பதினேழு இரும்புக் கம்பிகள், தலையில் எண்கள். பெட்டியின் அளவை வைத்துச் சின்னவை எவை என்பது மட்டும் தாளில் எழுதியிருந்தார்கள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

அம்மா கையில் பிளாஸ்டிக் பூக்கொத்தோடு நின்றாள். ஒன்றுதான் வாங்கியிருந்தாள், நீல நிறம். ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள். எங்கும் தட்டையாக இருந்தது. தண்ணீர்ச் சத்தமே இல்லை.

"இங்க எந்தப் பக்கம்டி ஏறுறது?" என்று கேட்டாள்.

மாமா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே தள்ளிப் போய்விட்டார்.

"எதுடி அவன்? நீ கூடப் பிறந்தவ. உனக்குத் தெரியும்ல?"

"பதினொண்ணு" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அம்மா மண்டியிட்டாள். பிடுங்கப் புல் எதுவும் இன்னும் முளைத்திருக்கவில்லை. வெறும் மண்ணைக் கையால் நிரவிவிட்டு, பூவை வைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வருடம் நடந்ததையெல்லாம் பதினோராம் எண்ணிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.