இடதுன்னா இடது

காலை ஆறு நாற்பதுக்குத் தம்பியின் முன் பிரேக் கம்பி அறுந்தது. பின் பிரேக் ஒரு வாரமாகவே பேருக்குத்தான் இருந்தது. சைக்கிள் பாலத்தடியிலிருந்து சரளைச் சரிவில் உருண்டது. இருபதடி முன்னால் அக்கா, பின்சீட்டில் மூன்று வயது மகளைக் கட்டி உட்காரவைத்து, ஆற அமர மிதித்துக்கொண்டிருந்தாள். பாதைக்கு வலப்பக்கம் கல்சுவர், இடப்பக்கம் கால்வாய்.

புறப்படும்போதே சொல்லியிருந்தான்: "நான் 'இடது'ன்னு கத்தினா, இடப்பக்கமா முந்தப்போறேன்னு அர்த்தம்." அக்கா அப்போது குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். "சரி சரி, பெரிய ரேஸ்காரன்!"

"அக்கா, இடது!"

கத்தியபடியே அவன் இடப்பக்கம் ஒடித்தான். அக்காவும் சொல் தட்டாமல் இடப்பக்கமே ஒதுங்கினாள். அவளுடைய சக்கரம் கரை விளிம்பை உரசியது. குழந்தையின் ஹெல்மெட் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. இனி வலப்பக்கம் வளைத்தால் சறுக்கி அவர்கள்மேலேயே விழுவான். பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டிலைத் தண்ணீருக்குத் திருப்பினான்.

கழுத்தளவுத் தண்ணீரில் அவன் இருமிக்கொண்டு எழுந்தபோது குழந்தை கைதட்டியது. கரையில் நின்ற அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ சொன்ன பக்கம்தானேடா ஒதுங்கினேன்? அங்கேயே வந்து எதுக்குடா விழுந்தே?"