வெள்ளைப் பூ சொன்ன படிப்பு

1975 தை மாதம், கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் இருந்தவர்கள்: கந்தப்பனாகிய நான், என் தம்பி மாரப்பன், அவன் மனைவி ராமாத்தாள், அவர்கள் மகள் கமலாத்தாள், பூசாரி. வேறு யாரும் இல்லை.

கமலாத்தாள் சித்தூர்க் கல்லூரியில் கணிதம் முடித்தவள். கோயம்புத்தூரில் இரண்டு கம்ப்யூட்டர் படிப்புகள் இருந்தன. ஒன்று, கம்ப்யூட்டருக்குக் கணக்குகளை ஊட்டும் அட்டைகளில் துளையிடும் மூன்று மாதப் பயிற்சி. பெண்கள் மட்டும் படிப்பது. மற்றது, கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் ஒரு வருடப் படிப்பு. அதில் இருபத்திரண்டு பேர், அத்தனை பேரும் ஆண்கள். அவளுக்கு அதுதான் வேண்டும்.

"அட்டை குத்தறது இன்னொருத்தர் எழுதுனதைப் பார்த்துக் குத்தற வேலைங்க பெரியப்பா. அதுக்கு எதுக்குங்க நான் கணக்குப் படிச்சேன்?"

"சம்பளம் கெடைக்குதில்ல?" என்றான் மாரப்பன்.

"கோழிக்குக்கூடத்தான் தீனி கெடைக்குதுங்கப்பா."

ராமாத்தாள் சிரித்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் வழக்கப்படி பூக் கேட்டோம். அட்டைப் பயிற்சிக்கு வெள்ளை, மற்றதற்குச் சிவப்பு. தனித்தனி இலையில் மடித்துப் பூசாரி அம்மன் காலடியில் வைத்தார். கேள்வியைக் குடும்பத்தில் மூத்தவன்தான் சொல்ல வேண்டும்.

"எந்தப் படிப்புல எங்க குடும்பத்துக்குப் பழி வராது, தாயே?" என்று கேட்டேன்.

"கேள்வியே தப்புங்க பெரியப்பா. எதுல எனக்குப் பொழப்பு நிக்கும்னு கேளுங்க."

"ஆத்தாகிட்டக் கேட்டதை மாத்தக் கூடாது."

ராமாத்தாள் கண்ணை மூடி எடுத்த மடிப்பில் வெள்ளைப் பூ இருந்தது.

அட்டைப் பயிற்சி முடித்து ஒரு மில்லில் சேர்ந்தாள். அங்கே அவளைவிட வேகமாக அட்டை குத்த ஆளில்லை என்று அவளுடைய மேலதிகாரியே என்னிடம் சொன்னார். நான்கு வருடம் போயிற்று. இந்த ஆண்டு மில்லுக்குப் புது இயந்திரம் வந்தது. அதற்கு அட்டையே வேண்டாம். புரோகிராம் எழுதத் தெரிந்த மூன்று ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கமலாத்தாள் நேராக அந்த ஒரு வருடப் படிப்புக்கு விண்ணப்பம் கொண்டுபோனாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை என்றார்கள். அவளுக்கு இருபத்தாறு. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுமாதம் வண்ணாமடையிலிருந்து அவளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. நானே அங்கே போனேன். காபி கொடுத்தார்கள். காரணம் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வேறொருவன் காரணத்தைச் சொன்னான்.

மில்லில் யாரோ ஒரு ஆணோடு பழகி மாட்டிக்கொண்டதால் அவளை வெளியேற்றினார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அட்டை வேலை நின்றது. அந்த வேலையில் இருந்த பதினொரு பெண்களையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அந்த வேலைக்கு அவளை அனுப்பியது நான்.