மேல்கரையின் கலிங்கு

மத்மாத்தா மலைச்சரிவில் எங்கள் ஓடை படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியின் முனையிலும் குறுக்கே ஒரு மண்கரை, குடும்பத்துக்கு ஒன்று. மழை பெய்தால் கரைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும், வண்டல் படியும். அந்த வண்டலில்தான் எங்கள் ஒலிவ மரமும் அத்தியும் பார்லியும். மிஞ்சின தண்ணீர் கரையோரத்தில் கல் பதித்த கலிங்கு வழியாக அடுத்தவர் நிலத்துக்கு இறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஹாஜி பெல்காசெமின் கரை. எல்லாவற்றுக்கும் கீழே ஜாஸியாவின் கரை. என்னுடையது நடுவில்.

மழை குறையக் குறைய, பெல்காசெம் தன் கலிங்கை உயர்த்திக்கொண்டே வந்தார். வருகிற கொஞ்சத் தண்ணீரும் கீழே போய்விடக் கூடாது என்பது அவர் எண்ணம். பிறகு ஓர் இலையுதிர் காலத்தில், ஒரே மத்தியானத்தில் மலை முழுக்கக் கொட்டித் தீர்த்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் அவர் கரையை நடுவில் கிழித்தது. மேல்கரை போனதும் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கி, கீழே இருந்த கரைகளை வரிசையாகப் பிடுங்கிப் போட்டது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த மண் தார்ரோட்டில் சேறாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு ஊர்க் கிணற்றில் தண்ணீர் கீழே போனது. வாலிபர்கள் தலைநகர் துனிஸுக்கும் கடல் தாண்டி மார்செய்க்கும் போனார்கள். பெல்காசெம் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூடப் பக்கத்து ஊருக்குப் போக ஆரம்பித்தார். அவர் முகத்தை நாங்களும் பார்க்கவில்லை, எங்கள் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

ஜாஸியாவின் புருஷன் துனிஸில் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறான், பெருநாளுக்கு வருவான். ஆடுகளும் நிலமும் அவள் பொறுப்பு. அவள்தான் எங்களை எண்ணெய்ச் செக்கின் முற்றத்தில் கூட்டி, கரைகளைத் திரும்பக் கட்டலாம், மேலிருந்து தொடங்கலாம் என்றாள். மேலே என்றால் பெல்காசெமின் நிலம். முதலில் லரூசிதான் எதிர்த்தான். வெள்ளத்தில் அவனுக்கு ஒரு மரம்கூட மிஞ்சவில்லை.

"நம்ம மண்ணையெல்லாம் கழுவி ரோட்டுல ஊத்தின மனுஷன். அவருக்கு நாம கொத்தனார் வேலை பாக்கணுமா?"

"சரி, உன் கரையை முதல்ல கட்டிக்கோ," என்றாள் ஜாஸியா. "அடுத்த மழையில மேலருந்து வர்ற தண்ணி, லரூசி பாவம், இவனை விட்டுடுவோம்னு சுத்திக்கிட்டா போகும்?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. எங்களிடம் ரகாத்தா என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய வேலைக்கு ஊரே வந்து கைகொடுக்கும். ஆனால் நிலத்துக்காரர்தான் கூப்பிட வேண்டும், அவர்தான் சோறு போட வேண்டும். பெல்காசெம் கூப்பிடப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை என் பிக்கப் வண்டியில் ஜாஸியா ஏறி உட்கார்ந்திருந்தாள். பின்னால் மண்வெட்டிகள், கோரைக் கூடைகள், துணியால் கட்டிய ஒரு பெரிய குஸ்குஸ் சோற்றுப் பானை. நான் வருவதாகச் சொல்லவே இல்லை என்றேன். "வண்டி வருதில்ல, அது போதும்," என்றாள்.

மேல்கரைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலும் பெண்கள். சத்தம் கேட்டு பெல்காசெம் வெளியே வந்தார். யார் உங்களைக் கூப்பிட்டது என்று கேட்டார்.

"யாரும் கூப்பிடல, ஹாஜி. சோறும் எங்களுதுதான். நீங்க உள்ள போய் ஓய்வெடுங்க," என்றாள் ஜாஸியா.

அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று உள்ளே போனார். மத்தியானம் அவர் வாசலுக்கு நேர் எதிரே, அவருடைய நிலத்தில் உட்கார்ந்து, ஜாஸியாவின் பானையிலிருந்து நாங்கள் சாப்பிட்டோம். அவர் மனைவி மன்ஸூரா கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் விடியும்போதே அவர் வீட்டில் புகை எழுந்தது. ஒரு கிடாவை அறுத்திருந்தார்கள். பெல்காசெம் மரத்தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் வைத்தார்.

"என் நிலத்துல வேலை செஞ்சவங்க இன்னொருத்தி வீட்டுச் சோத்தைத் தின்னாங்கன்னு யாரும் பேசக் கூடாது. உக்காருங்க."

வேடிக்கை பார்க்க வந்த லரூசி அந்தச் சோற்றைத் தின்றான். தின்றுவிட்டு வேலை செய்யாமல் போக வெட்கமாகிவிட்டது. சாயங்காலம் வரை கல் சுமந்தான்.

கோடை முழுக்கக் கரை உயர்ந்தது. மண்ணைக் கொட்டி, நனைத்து, மிதித்து, மேலே கல் அடுக்கினோம். கலிங்கு வைக்க வேண்டிய நாள் வந்தது. பெல்காசெம் நெஞ்சு உயரத்தைக் காட்டினார். ஜாஸியா முழங்காலைக் காட்டினாள்.

"என் நிலத்துக்கு வர்ற தண்ணி," என்றார் அவர்.

"மலையில பெய்யுற தண்ணி, ஹாஜி. உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி. சாப்பாடு போடுங்க, கதவைப் பூட்டி வைக்காதீங்க."

சொல்லிவிட்டு, கல் பதிக்க வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் கூடைகளைக் கீழே வைத்தோம். அன்றும் அடுத்த சில நாட்களும் யாரும் ஒரு பிடி மண் போடவில்லை. வானத்தில் மேகம் சேரத் தொடங்கியிருந்தது. விட்டுக்கொடுக்கலாமே என்று ஜாஸியாவிடம் கேட்டேன். உயரமான கலிங்கோடு கட்டுவதைவிடக் கட்டாமலே இருக்கலாம் என்றாள்.

வெள்ளத்துக்குப் பிறகு முதல்முறையாக பெல்காசெம் ஓடை வழியே இறங்கி வந்ததை நான் என் நிலத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு உடைப்பிலும் நின்றார். ஜாஸியாவின் நிலத்தில் ஒரு பெரிய ஒலிவ மரம் வேரோடு சாய்ந்து, பாதி வேர் மட்டும் மண்ணில் இருக்க, அப்படியும் துளிர்விட்டிருந்தது. அதன் அருகில் குந்தி உட்கார்ந்தார். ஜாஸியா ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாங்கள் மேலே போனபோது அவரே தனியாகக் கலிங்கின் அடிக்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார், முழங்கால் உயரத்தில். ஜாஸியாவைப் பார்த்து, "மட்டம் சரியா இருக்கா பாரு, மகளே," என்றார். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாள். இருவருமாகத் தூக்கி வைத்தார்கள்.

மேகம் சில வாரம் போக்குக் காட்டியது; அங்கிருந்து கீழ்நோக்கி வேலை வேகமாக நடந்தது. ஆனால் ஜாஸியாவின் கரை பாதி எழும்பியிருந்தபோதே மழை வந்துவிட்டது.

எல்லோரும் ஓடைக்கு ஓடினோம். மேல்கரை நிரம்பியது, கலிங்கு வழியாகத் தண்ணீர் பழுப்பாக வழிந்து அடுத்த நிலத்தில் பரவியது. ஒன்று நிரம்பி அடுத்தது, அது நிரம்பி அதற்கடுத்தது. என் கரையில் ஓர் எலிவளை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. லரூசி அதில் சாக்கைத் திணிக்க, பெல்காசெம் அதன்மேல் கல்லைப் போட்டு மிதித்துக்கொண்டே நின்றார். அது அடங்கியது. கடைசியில் தண்ணீர் ஜாஸியாவின் நிலத்துக்கு வந்தபோது அதன் வெறி போயிருந்தது. கட்டாமல் விட்ட இடத்தின் ஓரத்தில் கொஞ்சம் கரையைக் கரைத்துக்கொண்டு வெளியேறியது. சாய்ந்த மரம் அசையவில்லை.

முந்தானை சொட்டச் சொட்ட அவள் நின்றாள். எல்லோர் கரையும் நின்றது, உனக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டதே என்றேன்.

"போனது கொஞ்சம்தான். ஈரம் காயுறதுக்குள்ள மண்ணை மிதிச்சா நல்லா இறுகும். நாளைக்கு வண்டியை வெள்ளனே எடுத்துட்டு வா," என்றாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவள் கரையை முடித்தோம். வசந்தத்தில் புது வண்டலில் பார்லி முழங்கால் உயரம் நின்றது. கிணற்றில் வாளி பழையபடி சீக்கிரமே தண்ணீரைத் தொட்டது. மார்செய்க்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஆனால் லரூசியின் தம்பி துனிஸிலிருந்து வந்துவிட்டான், இப்போது அத்திக் கன்று நடுகிறான். பெல்காசெம் எங்களோடு தொழ வருகிறார். கோடை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் மேலே ஏறி, ஒவ்வொரு கலிங்காகத் தூர் வாரிக்கொண்டே ஜாஸியாவின் நிலம் வரை இறங்கி வருகிறோம்.